ஏனம் பார்த்து ஊற்றுகிறவர்

கரண்டியின் பின்பக்கத்தால் ஏனத்தின் வயிற்றில் இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் கஞ்சி. எவர்சில்வரா, அலுமினியமா, அடியில் ஓட்டை விழுந்து எம்-சீல் வைத்து அடைத்ததா என்பதெல்லாம் அந்த இரண்டு தட்டில் ஷேக் பரீதுக்குத் தெரிந்துவிடும்.

"சத்தம் சரியில்லையே. போன வருஷம் கேட்ட சத்தம் இல்ல இது. ஏனத்தை மாத்திட்டியா?"

"ஆமா மாமா. பழசு நசுங்கிப் போச்சு."

"தானா நசுங்குச்சா, ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சு நசுங்குச்சா?"

வரிசை சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். இரண்டு கரண்டி ஊற்றி, விளிம்பில் ஒட்டியதைக் கட்டைவிரலால் வழித்து உள்ளே தள்ளி, "அடுத்து" என்பார். வயது அறுபத்து மூன்று. மருதாணி போட்ட தாடி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஈரத் துண்டு. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத நோன்பு வாய் அது. அதிலிருந்து இவ்வளவு பேச்சு எப்படி வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஆற்றங்கரைப் பக்கம் திரும்பினால் அவர்கள் தெரு. நோன்பு மாதம் முப்பது நாளும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பக்கவாட்டுக் கதவு திறக்கும். மதியத்திலிருந்து வெந்த கஞ்சித் தேக்சாவை நாலு பேர் தூக்கி வந்து செங்கல் மேல் வைப்பார்கள். பின்னால் ஷேக் பரீத் வந்து நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கரண்டியை வேறு யாரும் தொட்டதில்லை. தொடவிட்டால் அல்லவா! ஒரு முறை காய்ச்சலில் படுத்தபோதுகூட, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று ஊற்றினார்.

மற்றப் பதினொரு மாதம் அவருக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், கத்னா, காதுகுத்து, கருமாதி என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே அடுப்பு வெட்டினாலும் அவருடைய ஏனம்தான் ஏறும். கடைக்கு யாராவது புதிதாக வந்தால் முதலில் ஒரு பாடம் நடக்கும்.

"பாய், பாத்திரம் வேணும்."

"பாத்திரம்னா?"

"சமைக்கிற பாத்திரம்தான் பாய்."

"மருந்துக் கடையில போயி 'மருந்து குடு'ன்னா குடுப்பானா? பேரைச் சொல்லுங்க. சோறு வடிக்க அண்டாவா, குழம்புக்குக் குண்டானா, பிரியாணிக்குத் தேக்சாவா? தண்ணிக்குத் தவலையா, டிரம்மா? பந்தியில எடுத்துக்கிட்டுப் போக வாளியா, தூக்கா?"

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். பாய் விடமாட்டார். வாய் குறுகி வயிறு பெருத்தால் தவலை. விளிம்பு வெளியே மடிந்து, கை நுழைத்துத் தேய்க்க முடிந்தால் குண்டான். தூக்கு என்றால் பிடியும் மூடியும் இருக்க வேண்டும். "பிடி அந்துபோச்சுன்னா அது தூக்கு இல்ல, சம்படம். பிடி இல்லாததை யாரு தூக்குவா?" என்பார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் காதுகுத்துக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டால், முறைப்பார்.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. ஏனம் நிற்கும். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற வைத்தியலிங்கம் பித்தளைக் கூஜாவோடு சைக்கிளில் வருவார். சர்க்கரை நோய்க்காரர். நோன்புக் கஞ்சியில் வெந்தயம் இருக்கிறது, உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர். அவர் "கூஜா சார்". கடையில் ஏனம் கழுவுகிற காத்தாயி நாலு லிட்டர் பெயிண்ட் வாளியோடு வரிசையில் நிற்பாள். அவள் "ஏசியன்". போன நோன்பில் ஒருத்தர் மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார் என்று தெருவில் சொன்னபோது, பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரு, அந்த மஞ்சள் மூடி டிபனா? அடடா" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். மூடி இல்லாமல் வந்தால் பக்கத்து வீடு. மூடியோடு வந்தால் தூரத்து வீடு. பக்கத்து வீடாக இருந்தும் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தால், அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அப்படி வருகிறவர்களுக்கு அவர் ஏனத்தைத் தட்டமாட்டார். பேச்சுக் கொடுக்கமாட்டார். கேட்காமலே நாலு கரண்டி விழும். "ஏனத்தைப் பாத்தாலே வீடு தெரிஞ்சுடும் எனக்கு" என்று சொல்லிக்கொள்வதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு பெருமை. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதிதான் இந்த வருஷம் அவர் காலை வாரியது.

தெருவின் கோடியில் தஹ்மீனாவின் வீடு. டைல்ஸ் ஒட்டின மாடி வீடு, கண்ணைக் கூசுகிற எஸ்.எஸ். கேட். புருஷன் அப்சர் பதினொரு வருஷமாக சவூதியில் ஏசி மெக்கானிக். மூன்றும் பெண் பிள்ளைகள். பெரியவள் ஒன்பதாவது, அடுத்தவள் ஆறாவது, கடைசி ஃபஹ்மிதாவுக்கு ஐந்து வயது. போன வருஷம் வரைக்கும் அந்த வீட்டிலிருந்து கஞ்சிக்கு வந்தது ஒரு சின்ன ஹாட்பாக்ஸ். அதையும் வேலைக்கு இருந்த காத்தாயிதான் எடுத்து வருவாள். "பள்ளியாசக் கஞ்சி ருசியே தனி, ஆளுக்கு ஒரு வாய் போதுமாம்" என்று சொல்லி வாங்கிப் போவாள்.

இந்த வருஷம் தலைநோன்பு அன்றே தஹ்மீனா தானே வந்தாள். கறுப்புப் புர்கா, கையில் ஒரு தூக்கு. பாய் தட்டினார். "எவர்சில்வர். கல்யாண ஏனம்" என்றார். "ஆமா மாமா" என்றாள். இரண்டு கரண்டி ஊற்றினார். மூன்றாம் நோன்பில் தூக்கு பெரிதாயிற்று. ஆறாம் நோன்பில் குண்டான் வந்தது. அவள் வாப்பா சீராகக் கொடுத்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. மூடி இருந்தது. நல்ல பித்தளை மூடி. முந்தானையால் மூடிக்கொண்டு வரப் புர்காவில் முந்தானை ஏது? பாயின் கணக்கில் இது வரவே இல்லை.

அன்றைக்கு நல்ல கூட்டம். மாசி வெயில் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் வரிசை ஒருபக்கம், பெண்கள் வரிசை ஒருபக்கம். பாய் நல்ல உற்சாகத்தில் இருந்தார். குண்டானைப் பார்த்தார். இரண்டு தட்டுத் தட்டினார். கணீர் என்று கேட்டது.

"என்ன தஹ்மீனா, அப்சர் சவூதியிலேருந்து மாடு ஏதும் வாங்கி அனுப்பிட்டானா? கொல்லையில கொட்டாயி போட்டாச்சா?"

இரண்டு வரிசையும் சிரித்தது. கூஜா சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தஹ்மீனாவும் சிரித்தாள். "போங்க மாமா" என்றாள். பாய் மூன்று கரண்டி ஊற்றினார். அவள் மூடியைப் போட்டுக்கொண்டு போனாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாயை அப்போதே யாராவது துண்டால் கட்டிப்போட்டிருக்கலாம்.

மறுநாள் அவள் கையில் பள்ளிக்கூட டிபன் பாக்ஸ். மூடியில் பூனைப் படம். பாய் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பிளாஸ்டிக், சத்தமே வரவில்லை.

"என்னம்மா இது? நேத்து குண்டான், இன்னைக்கு இத்தினியூண்டு?"

"நேத்து விருந்தாளுங்க வந்திருந்தாங்க மாமா. எங்களுக்கு இது போதும். ருசிக்குத்தானே."

பாய் தளும்பத் தளும்ப ஊற்றினார். எவ்வளவு ஊற்றினாலும் அது பிடிப்பதைத்தானே பிடிக்கும்! எட்டாம் நோன்பும் அதே பூனை. ஒன்பதும் அதே பூனை. விருந்தாளி வந்தார்கள் என்றால் சரிதான் என்று பாய் முதலில் விட்டுவிட்டார். ஆனால் உள்ளே ஏதோ உறுத்தியது. நோன்பு திறக்கும்போது மனைவி கைருன்னிசாவிடம் விளையாட்டாகச் சொல்வதுபோல மாட்டுக் கதையைச் சொன்னார். அவள் கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"பொம்பளைங்க வரிசையில வச்சா சொன்னீங்க?"

"சும்மா தமாசுக்கு."

"உங்க கடையில இருக்கற அத்தனை ஏனத்துக்கும் மூடி வச்சிருக்கீங்க. இந்த வாய்க்கு ஒண்ணு வச்சீங்களா?"

பாய்க்கு அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை.

பத்தாம் நோன்பு அன்று காலையில் கடையில் காத்தாயி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆற்று மணலும் சாம்பலும் போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்ப்பாள். பாய் பேச்சுவாக்கில் கேட்டார்.

"நீ இப்ப தஹ்மீனா வீட்டு வேலைக்குப் போறதில்லையா?"

அண்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அய்ப்பசியோட நிப்பாட்டிடுச்சு."

"ஏன்?"

காத்தாயி தலையை வெளியே எடுத்தாள். கன்னத்தில் கரி. "தெரிஞ்சுதான் கேக்கறியா, தெரியாமத்தான் கேக்கறியா பாய்?"

"தெரிஞ்சா உங்கிட்ட ஏன்டி கேக்கறேன்?"

"அந்தத் தம்பி வேலை பாத்த கம்பெனிய மூடி ஏழு மாசமாச்சு. வேற எடத்துக்கும் விடமாட்டேங்கறானாம், ஊருக்கும் விடமாட்டேங்கறானாம். பாஸ்போட்டுப் புத்தகத்தைப் புடுங்கி வச்சுக்கிட்டானாம். போனு மட்டும்தான் வருது. காசு வரல. அந்தப் பொண்ணு யாருகிட்டயும் மூச்சு விடல. காதுல கெடந்தது போச்சு, கையில கெடந்தது போச்சு. சிலிண்டர் தீர்ந்து எத்தினி நாளாச்சோ. டைல்ஸு போட்ட வீட்டுல, கொல்லையில மூணு கல்ல வச்சு, பொழுது விடியறதுக்குள்ள சுள்ளி எரிச்சுச் சுட வைக்குது."

"எதைச் சுட வைக்குது?"

"உன் கஞ்சியத்தான். சாயங்காலம் பாதி, மறுநா விடியறதுக்கு முன்னாடி சகருக்குப் பாதி. அதான் சோறு அந்த வூட்டுல, நாலு பேருக்கும். நீதான் மாட்டுக்கு ஊத்துறேன்னு சொல்லிட்டியே."

காத்தாயி மறுபடியும் தலையை அண்டாவுக்குள் விட்டுக்கொண்டாள். சரக், சரக் என்று தேய்க்கிற சத்தம். பாய் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பூனைப் பெட்டியில் எவ்வளவு பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? ஒரு கரண்டி, அதற்கு மேல் அரை. நாலு வயிறு. ஏழாம் நோன்பிலிருந்து மூத்த பெண் பிள்ளைகள் இரண்டும் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு நோன்பு வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கின்றன. இவர் வாயால். ஏனத்தைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிய ஆள், இருக்கிறதிலேயே பசித்த ஏனம் கண்ணெதிரே வந்து நின்றபோது மாட்டைப் பற்றிப் பேசினார். அவருக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம்போல இருந்தது. எனக்கும் அப்படித்தான்.

காத்தாயியைக் கேலி செய்தால் அவள் திருப்பிக் கொடுப்பாள். "ஏசியன் வந்துட்டா" என்றால், "வந்தேன், ஊத்து, நாட்டாமை பண்ணாத" என்பாள். அவளிடம் இல்லை என்பது ஊருக்கே தெரியும், இழக்க ஒன்றுமில்லை. தஹ்மீனாவுக்கு அப்படியா? எஸ்.எஸ். கேட்டுக்கு உள்ளே இருப்பது ஊருக்குத் தெரியாது என்கிற ஒன்றுதான் அவளிடம் மிச்சம். அப்சர் திரும்பி வரும்போது தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமே என்று அதை அவள் கட்டிக் காத்துக்கொண்டிருந்தாள். பாய் அதைத்தான் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டார்.

பதினோராம் நோன்பு அன்று கஞ்சி ஊற்றி முடிந்ததும், கடையிலிருந்து ஒரு நடுத்தரக் குண்டானை எடுத்தார். கழுத்து மட்டும் கஞ்சி நிரப்பினார். அடியிலிருந்து கறியாகப் பார்த்து அள்ளிப் போட்டார். மூடி வைத்து, மேலே துண்டைக் கட்டி, காத்தாயியிடம் கொடுத்தார். "கொல்லை வழியாப் போ. கைருன்னிசா குடுத்துச்சுன்னு சொல்லு. என் பேரை எடுக்காதே."

காத்தாயி திரும்பி வந்து, "வாங்கிக்கிச்சு" என்று ஒரு சொல் சொன்னாள். பாய்க்கு மூச்சு வந்தது. அன்று ராத்திரித் தொழுகையில் வழக்கத்தைவிடக் கூட நேரம் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் கிடந்ததாக கைருன்னிசா சொல்கிறாள்.

மறுநாள் காலையில் குண்டான் திரும்பி வந்தது. காத்தாயி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, நங்கென்று பலகை மேல் வைத்தாள். பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. பாய் மூடியைத் திறந்தார். உள்ளே சீனி.

இந்தப் பக்கத்தில் இந்து வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் ஒரு வழக்கம் உண்டு. பண்டம் வந்த ஏனத்தை வெறும் ஏனமாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு கை அரிசியோ, சீனியோ, ஒன்றும் இல்லாவிட்டால் நாலு கல் உப்போ போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு பிடி போட்டால் போதும். இதில் ஒரு டம்ளர் அளவுக்கு இருந்தது. கட்டி தட்டிப்போன ரேஷன் சீனி, அடிக்கட்டியும் சேர்த்து.

"வேணாம்னு சொல்லக் கூடாதா நீ?" என்றார் பாய்.

"சொன்னேன். கேட்டாத்தானே? டப்பாவைக் கவுத்து, பின்னாடி ரெண்டு தட்டுத் தட்டிப் போட்டுச்சு. சின்னது நின்னு பாத்துக்கிட்டு இருக்குது. 'ம்மா, எனக்குக் கொஞ்சம்'னு கேட்டுச்சு. 'நாளைக்கி வாங்கலாம்'னுட்டு மூடியப் போட்டுடுச்சு."

பாய் சீனியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு குண்டான் அனுப்பினால் நாளைக்கு உப்பு வரும். அதற்கும் மறுநாள் என்ன வரும்? இவர் கொடுக்கக் கொடுக்க அந்த வீடு காலியாகும். இப்படியும் ஒரு தர்மம் உண்டா!

அதற்கு வழி காத்தாயியே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் இதை எழுத எனக்கு வேலையே இருந்திருக்காது.

"உன் ஏனமெல்லாம் வேணாம் பாய். என் பெயிண்ட் வாளியில கூட ரெண்டு கரண்டி ஊத்து. ரெண்டு இல்ல, ஆறு ஊத்து. நான் கருக்கல்ல வூட்டுக்குப் போறப்ப கொல்லைப் பக்கமா நின்னு, அதோட சட்டியில ஊத்திட்டுப் போயிடறேன். எனக்கு அது திருப்பி ஒண்ணும் போட வேணாம். தினமும் நடக்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

பாய் தலையை ஆட்டினார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "பேசினது என் வாயி. நான்தான் போகணும்."

"நீ போவாத பாய்."

"ஏன்? நான் என்ன திருட்டுக் கஞ்சியா கொண்டு போறேன்?"

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குக் கஞ்சி குடுக்கணுமா, மன்னிப்பு வாங்கணுமா?" என்று கேட்டாள். இரண்டும் வேண்டும் அவருக்கு. பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அதோடு அந்தப் பெண் தன் வாயால், "பரவாயில்ல மாமா" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அவரால் இன்னொரு ராத்திரி தூங்க முடியாது. நல்ல மனிதர்கள் செய்கிற கெடுதல் பெரும்பாலும் இந்த வகைதான்.

அன்று பன்னிரண்டாம் நோன்பு. அஸர் முடிந்து கஞ்சித் தேக்சா வந்தது. எதிரே கரும்பலகையில், அன்றைய கஞ்சியைக் கொடுப்பவர் பெயரைச் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். யாரோ ஒரு அரிசி மண்டிக்காரர். பாய் அதைப் படித்துவிட்டு நின்றார். எட்டு வருஷமாகப் பன்னிரண்டாம் நோன்பு அப்சருடைய நாள். போன வருஷம் இதே நாளில், இதே வாசலில், அப்சர் வீட்டுக் கஞ்சி என்று இவர்தான் கூவிக் கூவி ஊற்றினார். இந்த வருஷம் பலகையில் பெயர் மாறப்போகிறது என்று தலைநோன்பு அன்றே பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஏனத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் பட்டியலைப் பார்க்கவில்லை.

அவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வரிசை நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வாளி நிறையக் கஞ்சியை மொண்டார். "நீங்க ஊத்திக்கிட்டு இருங்க சார்" என்று கரண்டியைக் கூஜா சார் கையில் திணித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கூஜா சார் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாய், எங்க போறீங்க?" என்று கேட்டார். பாய் வேறொரு சின்னக் கரண்டியை வாளியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கைலியைத் தூக்கிப் பிடித்தபடி, நடுத்தெருவில் விடுவிடுவென்று நடந்தார். வாளியிலிருந்து ஆவி பறந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சலூன் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். பெண்கள் வரிசையில் தஹ்மீனா இல்லை. அன்றைக்கு அவள் பூனைப் பெட்டியோடுகூட வரவில்லை. பன்னிரண்டாம் நோன்பில், அந்தப் பலகைக்கு எதிரே, எப்படி வருவாள்?

எஸ்.எஸ். கேட்டை பாய் கரண்டியால் தட்டினார். நன்றாகவே சத்தம் கேட்டது.

தஹ்மீனா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். கேட்டை ஒரு முழம் திறந்தாள். வாளியைப் பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்க மாமா. என்ன, நீங்களே வந்துட்டீங்க?"

"அன்னைக்கு மாமா தப்பாப் பேசிட்டேம்மா." அவருக்கு மெதுவாகப் பேச வராது. கடையில் அண்டாக்களுக்கு நடுவே பேசிப் பேசி வளர்ந்த குரல். "வீட்டு நெலமை தெரியாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதேம்மா. பிள்ளைங்க பசியோட..."

"என்ன நெலமை மாமா?" அவள் சட்டென்று குறுக்கிட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. "எங்களுக்கு என்ன? நல்லா இருக்கோம். அவங்க நேத்துதான் பேசினாங்க. பெருநாளைக்கு வர்றேன்னாங்க."

பாய்க்கு அப்போதுதான் பின்னால் தெரு இருப்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தார். எதிர் வீட்டுப் பெண்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். காத்தாயி மட்டும் பள்ளிவாசல் பக்கத்திலிருந்து இடுப்பில் வாளியோடு இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி கருக்கலும் இல்லை, கொல்லை வழியும் இல்லை. நாளைக்கு யார் எதைக் கொண்டுபோனாலும் எந்த வீட்டுக்கு என்று தெருவுக்கே தெரியும்.

"சரிம்மா. சரி. ஒரு ஏனம் மட்டும் கொண்டா. ஊத்திட்டுப் போயிடறேன்." இப்போது குரல் இறங்கியிருந்தது. கிட்டத்தட்டக் கெஞ்சினார். "பெரிசா ஒண்ணு கொண்டாம்மா."

அவள் உள்ளே போனாள். அடுக்களையில் ஏனங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டது. "ம்மா, குண்டானை எடுக்கவா?" என்று சின்னவளின் குரல். "ஒண்ணும் வேணாம். நீ போயி ஓது" என்று இவள் குரல். வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு டம்ளர் இருந்தது. தண்ணீர் குடிக்கிற டம்ளர்.

பாய் டம்ளரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தட்டிப் பார்க்கவில்லை. கரண்டியை வாளிக்குள் விட்டு, அடி வரைக்கும் இறக்கி மொண்டார். டம்ளரில் கால்வாசி விழுந்திருக்கும். தஹ்மீனா மற்றக் கையை விரித்து டம்ளரின் வாயை மூடினாள்.

"போதும் மாமா."

கரண்டி அதற்குள் சாய்ந்துவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு ஆறாத கஞ்சி அவள் புறங்கையில் விழுந்து, விரலிடுக்குகளில் வழிந்து, சிமெண்டுத் தரையில் சொட்டியது. அவள் கையை எடுக்கவில்லை.